முதலில் தண்ணீர், அப்புறம் சத்தம்: மலையகத்தில் பழைய காருக்குச் சத்தத் தடுப்பு ஒட்டுவது எப்படி

ரம்பொடை ஏற்றத்தில் மொரிஸ் மைனரை இரண்டாம் கியரில் போட்டால், பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடக் கத்த வேண்டும். என் மனைவி அந்தப் பாதையில் பேசுவதையே விட்டுவிட்டார். சொல்ல வேண்டியதையெல்லாம் சேர்த்து வைத்து, நுவரெலியா வந்து எஞ்சினை நிறுத்திய பிறகு மொத்தமாகச் சொல்வார். அந்த மொத்தத்துக்குப் பயந்துதான் நான் இந்த வேலையில் இறங்கினேன்.

இதுவரை மூன்று கார்களுக்குச் செய்து பார்த்தாயிற்று. என்னுடைய மைனர், மைத்துனரின் ஒஸ்டின், ஓய்வுபெற்ற டீமேக்கர் ஒருவரின் பழைய பீட்டில். முதல் காரில் செய்த பிழைகளைத் திருத்த இரண்டாம் முறை எல்லாவற்றையும் பிய்த்து எடுக்க வேண்டி வந்தது. கொழும்பில் சொல்லித் தருகிற முறையை அப்படியே இங்கே கொண்டுவந்ததுதான் காரணம். அங்கே சூட்டுக்கும் சத்தத்துக்கும் சேர்த்து, கண்ணில் படுகிற தகட்டையெல்லாம் சத்தத் தடுப்பு ஷீட்டால் மூடி ஒட்டிவிடுகிறார்கள். நானும் அப்படியே மூடினேன். இரண்டு மழைக்காலம் போனதும் கார்ப்பெட்டைத் தூக்கினால், ஷீட் பளபளவென்று அப்படியே இருக்கிறது, அதற்கு அடியில் தரைத் தகடு அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. ஆகவே கீழே சொல்வதில் பாதிக்குமேல் தண்ணீரைப் பற்றித்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதத்தில் தொடங்குவது

ஹட்டன், தலவாக்கலை, கினிகத்தேனைப் பக்கம் இருப்பவர்கள் மே முதல் செப்டெம்பர் வரை இந்த வேலையைத் தொடவே வேண்டாம். தென்மேற்குப் பருவமழையில் தகடு ஒரு நாளும் முழுதாகக் காயாது. உங்களுக்கு ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை நல்லது. பதுளை, பண்டாரவளை, ஊவாப் பக்கம் கதை தலைகீழ்: வடகீழ் மழை டிசம்பரில் கொட்டித் தீர்க்கும், ஜூன் முதல் செப்டெம்பர் வரை நல்ல காய்ச்சல். ஒரே மலையின் இரண்டு பக்கத்தில் இருக்கிற இரண்டு பேருக்கு ஒரே நாள்காட்டி சரிவராது.

நேரமும் முக்கியம். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி விடியலில் சில நாள் புல்லில் உறைபனியே பார்க்கலாம். அந்த நேரத்தில் காரின் தகட்டைத் தடவினால் கை நனையும். தகடு வியர்த்திருக்கிறது. அதன்மேல் எதை ஒட்டினாலும் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுகிற வேலைதான். ஒட்டுகிற வேலைக்குக் காலை பத்து மணி முதல் மூன்று மணி வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய தாரைச் சுரண்டுகிற வேலைக்கு மட்டும் விடியற்காலைக் குளிர் வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

சத்தம் எங்கே பிறக்கிறது

ஷீட் வாங்கப் போவதற்கு முன் ஒரு நாள் காரை வெறுமனே ஓட்டுங்கள். ஏற்றத்தில் ஒரு முறை, இறக்கத்தில் ஒரு முறை, சமதரையில் ஒரு முறை. பக்கத்தில் காது நன்றாகக் கேட்கிற ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். அவர் கதவு, கூரை, டாஷ்போர்ட், தரை என்று ஒவ்வொரு இடமாக உள்ளங்கையை அழுத்தி வைத்துப் பார்க்கட்டும். கை வைத்ததும் சத்தம் குறைந்தால் அந்தத் தகடு அதிர்கிறது, அங்கே ஷீட் வேலை செய்யும். கை வைத்தும் மாற்றமில்லை என்றால் சத்தம் வேறெங்கோ இருந்து காற்று வழியாக வருகிறது.

பழைய காரில் பாதிச் சத்தம் ஷீட் கேட்கிற சத்தமே இல்லை. செத்துப்போன எஞ்சின் மவுன்ட் (எஞ்சினைத் தாங்குகிற ரப்பர்), கசிகிற சைலன்சர் இணைப்பு, காய்ந்து கல்லான கதவு பீடிங் (ஓர ரப்பர்), தளர்ந்த ஆணி, இவையெல்லாம் சேர்ந்து போடுகிற கச்சேரி அது. இவற்றை முதலில் மாற்றுங்கள். மைத்துனரின் ஒஸ்டினில் எஞ்சின் மவுன்ட் இரண்டையும் மாற்றியதுமே அவர், “போதும் மச்சான், இனி ஒன்றும் ஒட்ட வேண்டாம்” என்றார். நான்தான் விடவில்லை.

ஒன்றை மனதில் வையுங்கள். அதிவேகப் பாதையில் ஓடுகிறவர்களுக்குக் காற்றுச் சத்தமும் டயர் சத்தமும் தலைவலி. நம் வளைவுகளில் நாற்பதைத் தாண்டுவதே அபூர்வம். நமக்குத் தலைவலி, கீழ் கியரில் எஞ்சின் இழுக்கிற சத்தமும் இறக்கத்தில் கியர்பொக்ஸ் முனகுவதும். எனவே பணம் கொஞ்சமாக இருந்தால் முழுவதையும் எஞ்சினுக்கும் நம் காலுக்கும் நடுவில் இருக்கிற தகட்டிலும், அதாவது ஃபயர்வோலிலும், கியர்பொக்ஸ் மூடியிலும் போடுங்கள். கதவு பிறகு. டிக்கி எப்போதாவது.

தண்ணீர் சோதனை

சீட், கார்ப்பெட், கதவின் உள் அட்டை எல்லாவற்றையும் கழற்றுங்கள். கழற்றும்போதே போனில் படம் எடுத்து வையுங்கள். மூன்று வாரம் கழித்து எந்த ஸ்குரூ எங்கே போனது என்று யாருக்கும் நினைவிருக்காது. பழைய ஃபெல்ட் துண்டுகளை எறியாதீர்கள், நாறினாலும் பரவாயில்லை. அளவு வெட்ட அதைவிட நல்ல அச்சு கிடைக்காது. டீமேக்கரின் பீட்டிலில் கார்ப்பெட்டுக்கு அடியில் இருந்தது ஃபெல்ட் அல்ல, மடித்துப் போட்ட படங்குச் சாக்கும், அதற்கு மேல் பழைய தேயிலைப் பெட்டியின் உள்ளே ஒட்டியிருக்கும் அலுமினியத் தாளும். யாரோ அந்தக் காலத்திலேயே இந்த வேலையை யோசித்திருக்கிறார்கள். யோசனையில் பிழையில்லை, சாக்குதான் தண்ணீரைக் குடித்துவிட்டது.

இப்போது ஒருவர் உள்ளே டோர்ச்சோடு உட்காரட்டும். இன்னொருவர் வெளியே ஹோஸ் பிடிக்கட்டும். கீழிருந்து மேலே போங்கள்: முதலில் கதவடி, பிறகு கதவின் ஓரம், பிறகு முன்கண்ணாடியின் கீழ் ரப்பர், கடைசியாக மேல் ரப்பர். ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடம். ஒரேயடியாக மேலிருந்து ஊற்றினால் எங்கிருந்து ஒழுகுகிறது என்று தெரியாது. உள்ளே இருப்பவர் தண்ணீர் வருகிற இடத்தில் சோக்கால் கோடு போடட்டும். பெடல் கம்பி நுழைகிற துளை, வயர் நுழைகிற துளை, ஹீட்டர் குழாய் இருந்தால் அந்தத் துளை, இவற்றின் ரப்பர் கிரோமெட்டுகள் ஐம்பது அறுபது வயதில் தூளாகியிருக்கும். புதியது போடுங்கள். இது சத்தத்துக்கும் உதவும். விரல் நுழைகிற ஓட்டை ஒன்றைத் திறந்து வைத்துவிட்டு ஃபயர்வோலில் எவ்வளவு கனமான ஷீட் போட்டாலும் எஞ்சின் சத்தம் அந்த ஓட்டை வழியாகவே வந்து உட்காரும்.

கதவின் அடிவிளிம்பில் சிறு வடிகால் துளைகள் இருக்கும். ஒரு கம்பியை விட்டுக் குத்திச் சுத்தம் செய்யுங்கள். கதவுக்குள் மழைத்தண்ணீர் இறங்குவது பிழையில்லை, கதவே அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. வெளியே போக வழி இருந்தால் சரி.

சோதனையில் ஒழுகல் இருந்தால் அதைச் சரிசெய்து மறுபடி சோதியுங்கள். அது முடியும் வரை ஷீட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

பழைய தாரும் துருவும்

அந்தக் காலத்தில் தொழிற்சாலையிலேயே தரையில் தார் அட்டை ஒட்டி அனுப்பியிருப்பார்கள். அது நன்றாகப் பிடித்திருந்தால், தட்டினால் மந்தமாகக் கேட்டால், விட்டுவிடலாம். ஓரம் தூக்கியிருந்தால் அடியில் துரு இருக்கிறது, எடுத்தே ஆக வேண்டும். இங்கேதான் நம் ஊர்க் குளிர் உதவுகிறது. காலை ஆறு மணிக்கு அகலமான உளியைத் தட்டையாக வைத்து மெல்லத் தட்டினால் கிழட்டுத் தார் கருப்பட்டி மாதிரி உடைந்து வரும். பகல் பன்னிரண்டுக்குத் தொட்டால் பிசின் மாதிரி இழுக்கும். மிச்சம் ஒட்டியிருப்பதை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைக்கலாம். பெற்றோலால் துடைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மூடிய கராஜில் அந்த விளையாட்டு வேண்டாம்.

பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், பழைய அடிப்பூச்சுகள் சிலவற்றில் அஸ்பெஸ்டாஸும் கலந்திருந்தது. கிரைண்டரைப் போட்டுத் தூசி கிளப்பாமல், நனைத்து நனைத்துச் சுரண்டுங்கள், முகமூடி போடுங்கள்.

அடியில் ஓட்டை தெரிந்தால் தகட்டு வேலை செய்கிற டிங்கர் பாஸிடம் போங்கள். வெல்டிங் எல்லாம் இப்போதே முடிய வேண்டும். ஷீட் ஒட்டிய பிறகு அந்தத் தகட்டின் மறுபக்கம் வெல்டிங் பிடித்தால் புகைந்து தீப்பற்றும். வெல்டிங்குக்குப் பிறகு வயர் பிரஷ், துரு மாற்றி, எபொக்சி பிரைமர், இணைப்புகளில் சீலர், பெயின்ட் என்று வழக்கமான வரிசைதான். பெயின்ட் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே தின்னர் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கும். இங்கே உள்ள குளிருக்கு இரண்டு வாரம் விடுங்கள்.

எதை வாங்குவது

கடையில் எல்லாவற்றுக்கும் ‘சவுண்ட் புரூஃப்’ என்று ஒரே பெயர்தான். உண்மையில் மூன்று வேறு வேலைகள், மூன்று வேறு பொருட்கள்.

முதலாவது அதிர்வை அடக்குவது. மெல்லிய தகரத் தட்டைத் தட்டினால் ‘டங்’ என்று நீளமாக ஒலிக்கும், அதன்மேல் ஒரு உருண்டை மாவை அப்பிவிட்டுத் தட்டினால் ‘டொக்’ என்று அடங்கும். அந்த மாவின் வேலையைச் செய்வதுதான் டேம்பிங் ஷீட்: ஒரு பக்கம் பிசுபிசுப்பான பியூட்டைல் ரப்பர், மேலே அலுமினியத் தாள். தகடு அதிரும்போது இரண்டுக்கும் நடுவில் ரப்பர் இழுபட்டு, அதிர்வு சிறு வெப்பமாகக் கரைந்துவிடும். 2 மில்லிமீட்டர் தடிப்பு போதும். முக்கியமான விஷயம், இதைத் தகடு முழுக்க ஒட்டத் தேவையில்லை. தகட்டின் நடுவில் கால் பங்கு முதல் பாதி வரை மூடினாலே பெரும்பாலான பலன் கிடைத்துவிடும். மிச்சப் பாதிக்குக் கொடுக்கிற பணத்துக்குப் பாரம்தான் கிடைக்கும்.

இரண்டாவது சத்தத்தை மறிப்பது. அதற்குக் கனம் வேண்டும்: சதுர மீட்டருக்கு 5 கிலோ அளவில் வருகிற கனமான வினைல் ஷீட். டேம்பிங் ஷீட்டுக்கு நேர்மாறாக, இது இடைவெளியில்லாமல் மூடினால்தான் வேலை செய்யும். மூன்றாவது ஃபோம். அது வினைலைத் தகட்டில் படாமல் தூக்கிப் பிடிக்கவும், கிறீச்சென்று உரசுவதைத் தடுக்கவும், குளிரைக் கொஞ்சம் மறிக்கவும் உதவும். ஃபோமில் கண் மூடியது, கண் திறந்தது என்று இரண்டு உண்டு. ஒரு துண்டைத் தண்ணீரில் அமுக்கிப் பிழியுங்கள். தண்ணீர் சொட்டினால் அது மெத்தைக்கு நல்லது, நம் காரின் தரைக்கு ஆகாது. மூடிய கண் ஃபோம் தண்ணீரே குடிக்காது. ஃபெல்ட் சத்தத்தை உறிஞ்சுவதில் கெட்டிக்காரன்தான், ஆனால் தண்ணீரையும் அப்படியே உறிஞ்சும். டாஷ்போர்டுக்கு அடியில், கூரைத் துணிக்கு மேலே போடலாம். தரையில் வேண்டாம்.

இனி தார் டேப். லயத்துக் கூரைத் தகரம் ஒழுகினால் ஹார்ட்வெயார் கடையில் வாங்கி ஒட்டுவோமே, மேலே அலுமினியம், கீழே கறுப்பு, அதுதான். பார்வைக்கு டேம்பிங் ஷீட் மாதிரியே இருக்கும், விலையும் குறைவு. பலர் அதையே காரில் ஒட்டுகிறார்கள். குளிரில் விறைத்து விளிம்பு தூக்கும். ஒரு நாள் கீழே இறங்கி வெயிலில் நிறுத்தினால் கார் முழுக்க ரோட்டுப் போடுகிற நாற்றம். எனக்கு ஒரு கடையில் பியூட்டைல் என்று சொல்லித் தந்ததும் இந்தத் தார்தான். அதன் பிறகு எங்கே போனாலும் ஒரு சிறு துண்டு கேட்டு வாங்குகிறேன். மூக்கருகே வைத்தால் தார் வாசம் வரக் கூடாது. கறுப்புப் பக்கத்தை இரு விரலால் இழுத்தால் சுவிங்கம் மாதிரி நீள வேண்டும், பட்டென்று அறுந்தால் தார். பிறகு அதை ஒரு தகரத்தில் ஒட்டி, நிமிர்த்தி, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் வைத்துவிடுவேன். வழியாமல் அதே இடத்தில் நின்றால் வாங்கலாம்.

பாரத்தையும் கணக்குப் பாருங்கள். 2 மில்லிமீட்டர் பியூட்டைல் சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கிலோ வரும். நான் சொல்கிற அளவில் மைனருக்கு மூன்று சதுர மீட்டர் பியூட்டைலும் இரண்டு சதுர மீட்டர் வினைலும் போதும், மொத்தம் இருபது கிலோ. கார் முழுக்க இரண்டு அடுக்கு ஒட்டுகிறவர்கள் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆளைக் காலம் முழுக்க ஏற்றிக்கொண்டு போகிறார்கள். 948 சிசி எஞ்சினுக்கு மொத்தமே 37 குதிரைவலு. கடுகண்ணாவை ஏற்றத்தில் அந்த ஆளின் பாரம் தெரியும்.

ஒட்டும் நாள்

பழைய வீரகேசரித் தாளை ஃபயர்வோலில் பரப்பி, விளிம்பையும் துளைகளையும் விரலால் அழுத்தி மடித்து அச்சு எடுங்கள். தாளில் வெட்டிப் பார்த்துச் சரியான பிறகே ஷீட்டில் கத்தி வையுங்கள். பெரிய துண்டை ஒட்ட ஆசைப்பட வேண்டாம். இரண்டு உள்ளங்கை அகலத் துண்டுகள்தான் புதியவர்களுக்கு ஏற்றவை. கையுறை கட்டாயம், அலுமினிய விளிம்பு பிளேடு மாதிரி கிழிக்கும்.

தகட்டை ஐசோபுரொப்பைல் அல்கஹோலால் துடையுங்கள். ஃபார்மசியில் கிடைக்கிற சேர்ஜிக்கல் ஸ்பிரிட் வேண்டாம், அதில் ஆமணக்கெண்ணெய் கலந்திருப்பது உண்டு, எண்ணெய்ப் படலத்தின்மேல் எதுவும் ஒட்டாது. பிறகு தகட்டையும் ஷீட்டையும் ஹீட் கன்னாலோ ஹெயார் டிரையராலோ கை பொறுக்கிற அளவுக்குச் சூடாக்குங்கள். தகடு 20 பாகைக்கு மேல் இருந்தால் பியூட்டைல் தானாகக் கவ்வும். நம் ஊரில் சூடாக்காமல் ஒட்டினால் ஒட்டின மாதிரி பாவனை காட்டிவிட்டு ஒரு மாதத்தில் கழன்றுவிடும்.

பின்தாளை ஒரு ஓரத்தில் கொஞ்சமாக உரித்து, அந்த ஓரத்தைப் பதித்து, மிச்சத்தை மெல்ல உரித்துக்கொண்டே போங்கள். பிறகு சிறு ரோலரால் நடுவிலிருந்து விளிம்புக்கு அழுத்துங்கள். அலுமினியத்தில் அச்சடித்த மேடுபள்ளம் தட்டையாகும் வரை அழுத்த வேண்டும். மணிக்கட்டு வலிக்கும். வலிக்கவில்லையென்றால் போதுமான அளவு அழுத்தவில்லை. காற்றுக் கொப்புளம் தெரிந்தால் ஊசியால் குத்தி மறுபடி அழுத்துங்கள். அந்தக் கொப்புளத்துக்குள்தான் மலைக்காற்று குளிர்ந்து நீராக நிற்கும்.

தரையில் ஒட்டும்போது தகட்டின் பள்ளமான ஓரங்களையும் வடிகால் துளைகளின் ரப்பர் மூடிகளையும் விட்டுவிடுங்கள். அப்புறம் மைனர்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. ஓட்டுநர் காலடியில், கார்ப்பெட்டுக்குக் கீழே, தரையில் ஒரு மூடி இருக்கும். பிரேக் மாஸ்டர் சிலிண்டர் தரைக்கு அடியில்தான் இருக்கிறது, பிரேக் ஒயில் ஊற்றுவது அந்தத் துளை வழியாக. நான் என்ன செய்தேன் தெரியுமா? அதன்மேல் அழகாக, கொப்புளம்கூட இல்லாமல், ரோலர் போட்டு ஒட்டினேன். மூன்று மாதம் கழித்து காரைப் பார்த்த பாஸ் கேட்டார், “தம்பி, ஒயில் ஊத்துற வாயை எங்க வச்சிருக்கீங்க?” கத்தியோடு அரை மணி நேரம் தேடினோம். பீட்டில் வைத்திருப்பவர்களுக்கு வேறொன்று: பெற்றரி பின்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அலுமினியத் தாளில் மின்சாரம் ஓடும். பெற்றரியின் முனைகளுக்குப் பக்கத்தில் அதைக் கொண்டுபோகாதீர்கள்.

கியர்பொக்ஸ் மூடி தனியாகக் கழல்கிற கார்களில் அதைக் கழற்றி மேசையில் வைத்து ஒட்டுவது சுகம். திரும்பப் பூட்டும்போது ஓரத்துக்குப் புதிய ரப்பர் போடுங்கள். எஞ்சின் அறைப் பக்கத்தில் சாதாரண ஃபோம் ஒட்ட வேண்டாம், எண்ணெய் உறிஞ்சி, சூட்டில் பற்றிக்கொள்ளும்.

கதவும் கூரையும்

கதவில் வெளித் தகட்டின் உட்பக்கம், நடுவில் ஒரு பட்டை போதும். ஒட்டுவதற்கு முன் கண்ணாடியை முழுதாக இறக்கி, ஏற்றி, எங்கே உரசும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடியில் நான்கு விரல் உயரத்துக்கு எதுவும் வேண்டாம், தண்ணீர் ஓட வேண்டும். உள் அட்டைக்குப் பின்னால் பிளாஸ்டிக் தாள் இருந்திருக்கும்; கிழிந்திருந்தால் தடித்த பொலித்தீன் வெட்டி ஒட்டுங்கள், இல்லையென்றால் அட்டை ஒரு மழைக்காலத்தில் உப்பிவிடும்.

கூரைக்கு ஒட்டுவது வீண் என்று சிலர் சொல்வார்கள். மஸ்கெலியா மழையை வெறும் தகரத்துக்குக் கீழே உட்கார்ந்து கேட்காதவர்கள் அவர்கள். கூரைத் துணியை எப்படியும் மாற்றப்போகிறீர்கள் என்றால், நடுவில் சிறு துண்டுகளாகக் கால் பங்குக்கு ஒட்டி, அதன்மேல் மெல்லிய ஃபோம் போடுங்கள். துணி நன்றாக இருந்தால் அதற்காகக் கழற்ற வேண்டாம்.

கடைசி அடுக்கு

பியூட்டைலுக்கு மேலே தரையில் 5 மில்லிமீட்டர் மூடிய கண் ஃபோம், அதன்மேல் வினைல், பிறகு கார்ப்பெட். ஃபயர்வோலில் ஏறி டாஷ்போர்டுக்கு அடிவரை இதே வரிசை. பெடலை முழுதாக மிதித்துப் பாருங்கள். புதிய தடிப்பில் அக்ஸிலரேட்டர் முட்டி நின்றால் ஏற்றத்தில் பாதி வலுவோடுதான் போவீர்கள். கிளட்ச், பிரேக் இரண்டையும் அப்படியே பாருங்கள்.

இந்தக் கடைசி அடுக்கில் தரைப் பகுதியைப் பசை போட்டு ஒட்டாதீர்கள். கொழும்புக்காரர்களுடன் நான் சண்டை போடுகிற இடம் இது. வினைலையும் ஃபோமையும் வலது, இடது, பின் என்று மூன்று துண்டாக வெட்டி, சும்மா விரித்து வையுங்கள். நகர்ந்தால் ஓரத்தில் வெல்குரோ போதும். எப்போது வேண்டுமானாலும் ஐந்து நிமிடத்தில் தூக்கி வெயிலில் போட முடிய வேண்டும்.

எல்லாம் பூட்டிய பிறகு ஓட்டிப் பார்த்தால், இதுவரை கேட்காத சத்தங்கள் கேட்கத் தொடங்கும். எனக்குப் பின் அச்சின் முனகலும், கையுறைப் பெட்டிக்குள் உருண்ட ஒரு ஐந்து ரூபாக் குற்றியும் கேட்டன. புதிதாக எதுவும் கெட்டுப்போகவில்லை, முன்பே இருந்தவைதான். மனைவிக்கு இப்போது ரம்பொடையிலேயே பேச முடிகிறது.

முதல் பெரிய மழைக்கு மறுநாள் காலை, விரிப்புகளுக்கு அடியில் நான்கு மூலையிலும் ஒவ்வொரு பத்திரிகைத் தாள் வைத்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்து எடுத்துப் பாருங்கள். எந்த மூலைத் தாள் நனைந்து சுருங்கியிருக்கிறதோ, ஹோஸையும் டோர்ச்சையும் எடுத்துக்கொண்டு அந்த மூலைக்குப் போங்கள்.